பழைய சூரியன், புதுத் தேதி

லிஃப்ட் மெக்கானிக் இறந்துபோனது எல்லோருக்கும் தெரியும், ஆல்ஃபாவுக்கு மட்டும் தெரியாது.

மாடிப்படி கூட்டுகிற அம்மாவுக்குத் தெரியும். வாசல் காவலாளிக்குத் தெரியும். அவர் போன பிறகு அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று யோசித்துவிட்டுத்தான் மேலே போகிறது என்பதால், லிஃப்டுக்கும் தெரியும் என்றே சொல்லலாம். துக்கம் கேட்க வந்தவர்கள் வந்து, உட்கார்ந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போயாயிற்று. மகள் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் மிச்சமிருந்தது அவர் மனைவி மட்டும்தான்.

அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் அதற்குப் பொருத்தமான பீங்கான் பல் செய்து கொடுப்பாள். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவளைக் கேட்டால் மதியச் சாப்பாட்டு நேரம் முடியும் வரை சொல்வாள். பக்கத்துப் பல்லோடு ஒட்டாமல் ஒரு பல் தனியாகத் தெரிந்தால், தெருவில் போகிறவர் வாயைக்கூடத் திறந்து பார்த்துவிடுவாளோ என்று கணவருக்கே பயம். அப்படிப்பட்ட கண் உள்ளவள் செய்த தவறைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. மற்றவர்களுக்குச் சீட்டு, சினிமா என்றிருந்தால், இவருக்குச் சூரியன். மொட்டை மாடியில் லிஃப்ட் இயந்திர அறைக்குப் பக்கத்தில் ஒரு தொலைநோக்கிக் குழாயை நிறுத்தி, காலையில் சூரியனைப் படம் எடுப்பார். எதற்கு என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். அவரும் விளக்கினார்.

"ஹைட்ரஜன் ஒரே வாயுதான். ஆனா அது ஒரே நிறத்துல கையெழுத்துப் போடறதில்ல. அடர் சிவப்புல ஒண்ணு போடும், அது ஆல்ஃபா. நீலப்பச்சையில இன்னொண்ணு போடும், அது பீட்டா. சூரிய வெளிச்சத்துல மத்த எல்லாத்தையும் தள்ளிட்டு அந்த ஒத்த நிறத்தை மட்டும் பிடிச்சா, சூரியன் வேற ஒரு முகம் காட்டும். ஆல்ஃபா யார் எடுத்தாலும் வரும். பீட்டா மங்கல். பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி, கெஞ்சணும்."

"அப்போ ஆல்ஃபாவையே எடுக்க வேண்டியதுதானே?"

"அதை எடுக்க வேற ஆள் இருக்கார்."

அந்த வேறு ஆள்தான் ஆல்ஃபா. எங்கோ ஒரு தொலைவான ஊர்க்காரர். இணையத்தில் எங்கோ சந்தித்துக்கொண்டார்கள். பெயர், வேலை, வயது எதுவும் ஒருவருக்கொருவர் கேட்டதில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. இவர் மாடி சூடேறுவதற்குள் பீட்டா படம் அனுப்புவார். அவர் அதே நாளின் ஆல்ஃபாவைத் திருப்பி அனுப்புவார். ஒரே சூரியன், இரண்டு நிறம், ஒரு ஜோடி. 'ஆல்ஃபா சார்', 'பீட்டா சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். படம் மங்கலானதற்குச் சாக்காக அடியில் இவர் எழுதுவது ஒரே வாக்கியம்தான்: "காத்து சரியில்ல." மரத்தில் இலை அசையாத நாளிலும் அதையேதான் எழுதுவார். பொண்டாட்டி சமையலைப் பாராட்டவே வாய் வராத மனுஷன், காற்றை மட்டும் பாராட்டிவிடுவாரா?

ஒரு காலை படம் அனுப்பிவிட்டு, குளித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், கதவைத் திறக்கவே இல்லை. காவலாளிதான் வந்து உடைத்தார்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு ஒருநாள், அவருடைய போனை எடுத்து அணைத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தாள். அதில் ஆல்ஃபாவின் செய்திகள் வரிசையாக நின்றன. "பீட்டா வரலையே சார்." "அங்க மேகமா?" "உடம்பு சரியில்லையா?" கடைசியாக, "சும்மா ஒரு வார்த்தை போடுங்க சார், போதும்."

'அவர் இறந்துவிட்டார்' என்று தட்டினாள். அந்த மூன்றெழுத்து அவரும், அதற்குப் பின்னால் வந்த வார்த்தையும் அவளுக்கு அலுத்துப்போயிருந்தன. எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் செத்தார். இந்த ஒரு மனிதரிடம் மட்டும் அவர் சாகவில்லை. மேகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். இதை அனுப்பிவிட்டால் அங்கேயும் முடிந்துவிடும். தட்டியதை அழித்தாள்.

பிறகு அவருடைய மடிக்கணினியைத் திறந்து, நூற்றுக்கணக்கான படங்களில் ஏதோ ஒன்றைப் பிடித்து, அதன் பெயரில் இருந்த பழைய தேதியை மாற்றி இன்றைய தேதியைப் போட்டு, 'வணக்கம்' என்று எழுதி அனுப்பினாள். சூரியன் என்ன, தினம் ஒன்றா வருகிறது? வட்டம். கொஞ்சம் புள்ளி. எல்லா நாளும் அதே சூரியன்தானே. பல்லுக்குப் பல் வித்தியாசம் பார்க்கிற அம்மாள் அப்படித்தான் நினைத்தாள்.

வெகு நேரம் பதில் இல்லை. அவள் கிளம்பிப் பேருந்தில் ஏறிய பிறகு வந்தது. ஒரு ஆல்ஃபா படம். அடியில், "வந்துட்டீங்களா சார். சந்தோஷம்."

பேருந்தில் பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவளுக்கு மூச்சு வாங்கியது. வந்துட்டீங்களா. இந்த உலகத்தில் ஒருவர் அவரைப் பார்த்து வந்துட்டீங்களா என்று கேட்கிறார்.

அதன் பிறகு அது அன்றாட வேலையாகிவிட்டது. காலையில் எழுந்து ஒரு பழைய சூரியனை எடுப்பாள், புதுத் தேதி போடுவாள், அனுப்புவாள். ஆல்ஃபா அனுப்பும் படத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். அடியில் இருக்கும் வார்த்தைதான் அவளுக்கு வேண்டும். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி சார், தலையில துணி போட்டுக்கோங்க." "காபி குடிச்சீங்களா?" எல்லாம் அவருக்கு. அவள் அவருடைய கடிதத்தைப் பிரிப்பது போலப் படித்துவிட்டு, "குடிச்சாச்சு" என்று பதில் போட்டுவிட்டு, ஒரே ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போவாள். மாலையில் வந்தால் வீட்டில் சத்தம் என்று எதுவும் இருக்காது. தொலைக்காட்சியைப் போட்டால் யாரோ வந்திருக்கிற மாதிரி இருக்கிறது, அணைத்தால் அவர்களும் கிளம்பிவிட்ட மாதிரி இருக்கிறது. அதனால் அதைப் போடுவதையே விட்டுவிட்டாள்.

மகள் போனில் ஒரே பல்லவி. "அம்மா, அந்தக் குழாயை யாருக்காவது குடுத்துடு. மழையில நனைஞ்சு வீணாப் போகுது."

"பெட்டியிலதான் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"நீ என்ன பண்ணப்போற அதை வெச்சுக்கிட்டு?"

"ஒண்ணும் பண்ணல. நீ சாப்பிட்டியா?" பேச்சை மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

குட்டு உடையும் வேளை கூடத்தில்தான் வந்தது. ஒரு முன்பல்லுக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேஜைப் பெண் போனைக் காட்டினாள்.

"அக்கா, சூரியன்ல பெரிய கரும்புள்ளி வந்திருக்காம். நம்ம பூமியைத் தூக்கி உள்ள போட்டா தொலைஞ்சு போயிடுமாம். நாலஞ்சு நாளாத் தெரியுதாம்."

"அது எப்பவும் இருக்கறதுதானே?"

"இல்லக்கா. வரும், போகும். சூரியன் சுத்துதுல்ல? அதுக்கு தினம் வேற மூஞ்சி."

அவள் கையிலிருந்த பல்லைக் கீழே வைத்தாள். அன்று காலைகூட ஒரு சூரியனை அனுப்பியிருந்தாள். போனை எடுத்து, தான் அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது அது. பெரிய புள்ளியும் இல்லை, சின்னப் புள்ளியும் இல்லை. ஊர் முழுக்கப் பார்க்கிற புள்ளி, தினமும் சூரியனையே பார்க்கிற மனிதருக்கா தெரியாது? இன்னும் வாயைத் திறக்கவில்லை. திறக்க எத்தனை நேரம் ஆகும்? 'பீட்டா சார், என்ன இது?' என்று ஒரு வரி வந்தால் போதும். அதற்குப் பிறகு உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் அங்கேயும் செத்துவிடுவார்.

மறுநாள், "இங்க மேகம்" என்று அனுப்பினாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"பரவாயில்ல சார். காத்திருக்கேன்" என்று பதில் வந்தது.

அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று யோசித்தது. "நீ வேற" என்று அதைத் திட்டினாள்.

அவர் எடுப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், துணி உலர்த்தும் சாக்கில். முகப்பில் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது, கேமராதான் பார்க்கும். குழாயின் பின்னால் இருக்கும் சின்ன டப்பாவில் மயிரிழை அளவுக்கு ஒரு பிளவு. சூரியன் அந்தப் பிளவின் மேல் மெதுவாக நகர்ந்து போகும். கணினி அதைக் கோடு கோடாக வாங்கி அடுக்கி, கறுப்பு வெள்ளையில் முழு வட்டமாக்கித் தரும். எந்த நிறம் வேண்டும் என்பதற்குப் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு. அதைத் திருப்பினால் நிறங்கள் நகரும். திருகின் ஓரத்தில் அவர் இரண்டு புள்ளிகள் வைத்திருந்தார், ஒன்று அடர் சிவப்பு, ஒன்று ரோஸ். இரண்டுமே எங்கேயோ பார்த்த நிறமாக இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

இதில் எது பீட்டா? எழுதி வைக்கக் கூடாதா மனுஷன். கல்யாணமான புதிதில் அவர் சொன்ன நிறங்கள் மறந்தே போயிருந்தன, பிடிவாதம் மட்டும்தான் நினைவில் நின்றது. பீட்டாதான் பிடிவாதம் பிடிப்பது, தொல்லை கொடுப்பது. தொல்லைக்குச் சிவப்புதான் பொருத்தம் என்று முடிவு கட்டி, திருகைச் சிவப்பில் நிறுத்தினாள்.

முதல் சூரியன் முட்டை மாதிரி வந்தது. இரண்டாவதில் குறுக்கே கோடுகள், சீப்பு வாரினாற்போல. மூன்றாவதில் சூரியனே இல்லை, வழியில் ஏதோ பறவை. மாடித் தரை காலைச் சுட்டது. இந்த வெயிலில் இத்தனை வருஷம் நின்றிருக்கிறார், ஒருநாளாவது ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றோமா என்று நினைத்தபோது அழுகை வந்தது. கொஞ்சம் அழுதுவிட்டு, மறுபடி பெட்டியை மூடினாள்.

அடுத்த நாளும் மேகம் என்றே அனுப்பினாள். கோடுகள் எதனால் என்று அன்று புரிந்தது. பிளவில் தூசி. பீங்கான் பல்லுக்குப் பூச்சு வைக்கும் தூரிகை அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். அதில் ஒன்று அவருடைய பெட்டிக்குள்ளும் கிடந்தது. காணாமல் போனது என்று கூடத்தில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட அதே தூரிகை. திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான். அதை வைத்தே பிளவை நீவிவிட்டாள்.

வட்டம் வந்தது.

கணினித் திரையில் அது கோடு கோடாக எழும்பி நின்றபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நடுவுக்குச் சற்றுத் தள்ளி அந்தப் பெரிய புள்ளி, கறுப்பாக, அதைச் சுற்றி வெண்மையாகக் கொதிக்கிற மாதிரி. இன்னொரு பக்கம் கறுப்புக் கயிறு ஒன்று கிடப்பது போல ஒரு கோடு. விளிம்பில் ஒரு சுடர் எழுந்து வளைந்து நின்றது. அவருடைய படங்களை விடத் தெளிவாக இருந்தது. எனக்குப் போய் இப்படி வருமா என்று அவளுக்கு ஆச்சரியம், கொஞ்சம் கர்வமும்கூட. 'பார்த்தீங்களா' என்று சொல்லத் திரும்பினாள். துணிக்கொடிதான் இருந்தது.

அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒப்பிடாமல் எதையும் வெளியே அனுப்பிப் பழக்கமில்லை அவளுக்கு. ஆல்ஃபா கடைசியாக அனுப்பிய படத்தை, முதல்முறையாக, திறந்தாள்.

அதில் புள்ளி இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். இல்லை. நாலைந்து நாளாக ஊரே பார்க்கிற புள்ளி, அன்றைக்கு எடுத்த படத்தில் எப்படி இல்லாமல் போகும்? அதற்கு முந்தைய நாள் படத்தைத் திறந்தாள். அதிலும் இல்லை. சட்டென்று ஒரு எண்ணம் வந்து அவளை உலுக்கியது. அங்கேயும் ஒரு மனைவி உட்கார்ந்துகொண்டு பழைய படத்துக்குத் தேதி மாற்றுகிறாளோ? அவரும் போய்விட்டாரோ? இத்தனை நாளாக இரண்டு விதவைகள்தான் ஒருவருக்கொருவர் காபி குடித்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தோமோ? பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் அவளுடைய தொழில் கண் வேலை செய்தது. தான் அனுப்பிய பழைய பீட்டாவையும், அதற்கு வந்த ஆல்ஃபாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பீட்டாவில் மேல் ஓரம் மங்கலாக ஒரு கீறல். ஆல்ஃபாவில் அதே இடத்தில், அதே வளைவில், கறுப்பாக. கீழே ஒரு சின்னப் புள்ளிக் கூட்டம். இங்கேயும் அங்கேயும் அதே. இன்னொரு ஜோடியை வைத்தாள். ஒட்டியது. இன்னொன்று. ஒட்டியது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கடித்தாற்போல ஒவ்வொன்றும் ஒட்டியது.

ஆல்ஃபா இன்றைய சூரியனை அனுப்பவே இல்லை. அவள் எந்த நாள் சூரியனை எடுத்து அனுப்பினாளோ, அது எந்த நாள் என்று தேடிக் கண்டுபிடித்து, அதே நாளில் தான் எடுத்ததைத்தான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும்.

அப்படியென்றால் அவருக்குத் தெரியும்.

அவள் சுவரோரம் இருந்த நிழலில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்த அந்த ஒரே இடத்திலும் கணவர் உயிரோடு இல்லை. இந்த உலகத்தில் இனி யாருக்கும் அவர் மேகத்துக்குப் பின்னால் இல்லை. அழைப்பு மணி அடிக்காத வீடும், ஒற்றைத் தம்ளரும், மூன்றாவது மாடியில் நின்று யோசிக்கிற லிஃப்டும் அப்படியே அவள் மேல் இறங்கின.

நெடுநேரம் கழித்து, தான் எடுத்த படத்தை அனுப்பினாள். தேதி மாற்ற வேண்டியிருக்கவில்லை. வணக்கம் போடவில்லை. எதுவுமே எழுதவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ தட்டச்சு ஆவதும் நிற்பதுமாக இருந்தது. பிறகு ஒரு படம் வந்தது. அதில் பெரிய புள்ளி இருந்தது, கறுப்புக் கயிறும், விளிம்பில் வளைந்த சுடரும். இன்றைய சூரியன். அவளுடையதைப் போலவே, அச்சு அசலாக.

அடியில், "இது பீட்டா இல்லம்மா. ரெண்டு பேரும் ஆல்ஃபாவே எடுத்திருக்கோம்."

அம்மா என்ற சொல்லையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போலேருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"முதல் நாள்லேருந்து. வணக்கம்னு இருந்துது. அவர் போட மாட்டார். அந்தப் படமும் எனக்கு ஏற்கெனவே வந்ததுதான்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்க. சொல்லிட்டா அவர் இல்லன்னு ஆயிடும். எனக்குக் காலையில வர்ற மெசேஜ் அது ஒண்ணுதாம்மா."

அவள் அதை இன்னொரு முறை படித்தாள். அதற்குள் இன்னொன்று வந்தது.

"திருகுல ரோஸ் புள்ளிதான் பீட்டா. சிவப்பு ஆல்ஃபா. அது ரெண்டும் உங்க நெயில் பாலிஷாம். எடுத்ததை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர் என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார். இப்போ சொல்லலாம்னு நினைக்கிறேன்."

நெயில் பாலிஷ். மகள் கல்லூரியில் படித்த காலத்தில் இரண்டு குப்பிகள் காணாமல் போய், நீதான் எடுத்தாய் என்று மகளை அவள் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. வீட்டில் அன்று பெரிய கலவரம். மகள் அழுதுகொண்டே சாப்பிடாமல் எழுந்து போனாள். அவர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். படுபாவி. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், அவர் போன நாளிலிருந்து அழாத அளவுக்கு அழுதாள். கீழே யாரோ மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். திருகை ரோஸ் புள்ளிக்குத் திருப்பினாள். சூரியனைக் கொஞ்சம் முன்னால் விட்டுப் பிடித்து, பிளவின் மேல் நகரவிட்டாள். இந்த முறை வந்த வட்டம் மங்கலாக இருந்தது. சுடர் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. கயிறு வெறும் கீறலாகிவிட்டது. புள்ளி மட்டும் அசையாமல் இருந்தது. கெஞ்சணும் என்று அவர் சொன்னது இதைத்தான்.

அதையே அனுப்பினாள். அடியில் 'காத்து சரியில்ல' என்று எழுதிவிட்டு, நிமிர்ந்து துணிக்கொடியைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டு ஆடவே இல்லை. எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"காத்து நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கை நடுங்குது."